வேப்பமரத்தடியில் ஜிம்மி: பிஸ்கட் பெட்டிகளை வைத்து எட்டு மாதம் செய்து பார்த்தது

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ-35 வீதியில், விசுவமடுவுக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா வீடு. முன்பக்கம் சின்னக் கடை, பின்னால் வீடு, அதற்குப் பின்னால் ஒரு பெரிய வளவு. வளவின் நடுவில் நிற்கிற வேம்பில்தான் ஜிம்மியைக் கட்டி வைத்திருந்தார்கள். அப்போது அவனுக்கு ஒன்றரை வயது, ஊர்நாயில் அல்சேஷன் கலந்தவன், நல்ல உயரம், ஒரு காது நிமிர்ந்து மற்றது மடிந்திருக்கும். அவிழ்த்துவிட்டால் பக்கத்து வளவுக் கோழிகளைத் துரத்துவான், படலை திறந்திருந்தால் வீதிக்கு ஓடிவிடுவான். அவனுக்கு முன்னால் வளர்ந்த நாய் அந்த வீதியில்தான் வான் வண்டியில் அடிபட்டுச் செத்தது. அதனால் அக்காவையோ அத்தானையோ குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டினது காவலுக்கு மட்டுமில்லை, அவன் உயிரோடு இருக்கவேண்டும் என்பதற்காகவும்தான்.

2024 மே மாதம் நான் போனபோது முதலில் கண்ணில் பட்டது நாய் இல்லை, நிலம். சங்கிலி எட்டும் தூரம் முழுக்க ஒரு புல் கிடையாது, கவராயத்தால் கீறியது போல வட்டமாக மண் வெளுத்துக் கிடந்தது. வேப்பமரத்தில் அவன் வாய் எட்டுகிற உயரத்துக்குப் பட்டை உரிந்து, உள்மரம் மஞ்சளாகத் தெரிந்தது. அவன் படுத்திருந்து முன் இடக்காலை நக்கிக்கொண்டே இருந்தான். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். பாதத்துக்குச் சற்று மேலே, பத்து ரூபாய்க் குற்றியைவிடப் பெரிதாக மயிர் கழன்று, தோல் சிவந்து, எச்சில் ஊறி மினுங்கியது. இலையான்கள் வேறு. கூப்பிட்டால் எழும்பி வாலை ஆட்டுவான், கொஞ்சநேரம் துள்ளுவான், பிறகு தன் வாலைத் தானே பிடிக்க ஏழு எட்டுத் தரம் சுற்றுவான், சங்கிலி காலில் சிக்கும், திரும்பவும் படுத்து அதே காலை நக்குவான்.

சொறி, உண்ணி என்று எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதனால் முதலில் அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனோம், அந்த ஒழுங்கை மாற்றக்கூடாது. வலியோ தோல் நோயோ இருக்கும்போது விளையாட்டுச் சாமான் கொடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் காலை அமத்திப் பார்த்தார், மூட்டை மடக்கிப் பார்த்தார், உண்ணிக்கு மருந்து கொடுத்தார், புண்ணுக்குப் பூச ஒன்று தந்தார், விசர்நாய்த் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கடைசியாக, "தோலில பெரிசா ஒண்டுமில்லை பிள்ளை. இது செய்யிறதுக்கு ஒண்டுமில்லாமல் வாற பழக்கம். மருந்து பூசினால் மருந்தையும் சேர்த்து நக்கும்" என்றார்.

எனக்கு விஷயம் பிடிபட்டது அந்தச் சொல்லில்தான். யோசித்துப் பாருங்கள், ஒரு நாளில் ஜிம்மிக்கு இருந்த வேலை என்ன? காலையும் பின்னேரமும் சோறும் மீன்தலையும் சட்டியில் போடுவார்கள், இரண்டு நிமிஷத்தில் தின்று முடித்துவிடுவான். மிச்ச நேரம் முழுக்க ஒன்றுமில்லை. தேடித் தின்னவும் கடித்துக் கிழிக்கவும் மோந்து கண்டுபிடிக்கவும் பிறந்த ஒரு பிராணி, கடிக்க மரப்பட்டையும் நக்கத் தன் காலும் மட்டுமே இருந்ததால் அவற்றைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் கிண்ணம் நிறையச் சாப்பாடு சும்மா இருக்கும்போதும் எலிகள் நெம்புகோலை அழுத்தி உழைத்து எடுத்துச் சாப்பிட்டதை 1963இல் கிளென் ஜென்சன் என்கிற உளவியலாளர் எழுதிவைத்தார், பிறகு வேறு பல பிராணிகளிலும் அதைக் கண்டார்கள். நாய்களில் 2019இல் சார்லட் டுராண்டன், அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இருவரும் 20 வீட்டு நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. இரண்டு கிழமை மோந்து தேடுகிற பயிற்சி செய்த நாய்கள், ஆளோடு ஒட்டி நடக்கிற பயிற்சி மட்டும் செய்த நாய்களைவிட, உள்ளே ஏதும் இருக்குமா இல்லையா என்று தெரியாத ஒரு கிண்ணத்தை நோக்கி வேகமாகப் போயின. நல்லது கிடைக்கும் என்கிற எதிர்பார்ப்பு அவற்றுக்குக் கூடியிருந்தது என்பதுதான் அதன் அர்த்தம். எனக்கு ஜிம்மியிடம் அந்த எதிர்பார்ப்பைத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

காசு கொடுத்து விளையாட்டுச் சாமான் வாங்குவது அந்த வீட்டுக்கு முடியாத காரியம், தேவையும் இல்லை. கடை வைத்திருக்கிற வீடு, கிழமைக்குப் பதினைந்து இருபது காட்போட் பெட்டி வரும், அடுப்பு மூட்டத்தான் போகும். சரி, அதில் தொடங்கினோம்.

முதல் பெட்டி, முதல் பிழை

ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் மீன் குழம்பு போட்டுப் பிசைந்த சோற்றை வைத்து, நாலு பக்கமும் ரேப் (ஒட்டுநாடா) ஒட்டி, அவனுக்கு முன்னால் வைத்தேன். மோந்தான், காலால் இரண்டு தரம் தட்டினான், என்னைப் பார்த்துக் குரைத்தான், படுத்துவிட்டான். அரை மணித்தியாலம் கழித்துப் பெட்டியில் குழம்பு ஊறி அடிப்பக்கம் நைந்தபோதுதான் திரும்ப வந்து, ஊறின மட்டையைச் சோற்றோடு சேர்த்து விழுங்கத் தொடங்கினான். நான் பறித்துவிட்டேன்.

அந்த ஒரு பெட்டியில் மூன்று பிழை. சட்டியில் மட்டுமே தின்று பழகின நாய்க்குப் பெட்டியைத் திறக்கலாம் என்பதே தெரியாது, எடுத்த எடுப்பிலேயே கடினமானதைக் கொடுத்தால் வெறுத்துப்போகும். அப்புறம் ஈரச் சாப்பாடு. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் கடையில் வாங்கும் காய்ந்த நாய்ச்சாப்பாட்டை மனதில் வைத்து எழுதுகிறார்கள், எங்கள் வீடுகளில் நாய்க்குப் போவது சோறு. குழம்பு ஊறினால் மட்டைக்கும் சோற்றுக்கும் வித்தியாசமில்லை, மட்டையே சாப்பாடாகிவிடும். மூன்றாவது பிழை ரேப், அதற்கு வருகிறேன்.

சாப்பாட்டை மாற்றினோம். சோற்றைக் குழம்பில்லாமல் மீன் அவித்த தண்ணீரில் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக உருட்டி, சுளகில் பரப்பி வெயிலில் ஒரு நாள் காயவிட்டோம். மே மாத வெயிலுக்கு அது கல்லுப்போல இறுகும், கையில் ஒட்டாது. கோழி ஈரலை அவித்துச் சின்னதாக வெட்டிக் காயவைத்தது இன்னும் நன்றாக வேலை செய்தது, ஒரு துண்டு போதும், பத்தடி தூரத்திலேயே மூக்கைத் தூக்குவான். நெத்தலிக் கருவாடு என்றால் இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கி, பிறகு காயவைத்துத்தான் கொடுக்கவேண்டும், அதுவும் கொஞ்சமாக. வெங்காயம் போட்ட எதுவும் வேண்டாம், சம்பலோ சொதியோ கறியோ எதுவானாலும் சரி, வெங்காயம் நாயின் இரத்தத்துக்குக் கூடாது. இதெல்லாம் மேலதிகமாகக் கொடுத்ததில்லை, காலைச் சாப்பாட்டில் பாதியை எடுத்துத்தான் செய்தோம்.

பிறகு படிப்படியாக. முதல் இரண்டு நாள் மூடியில்லாத பெட்டி, உள்ளே உருண்டைகள் கண்ணுக்குத் தெரியும்படி. மூன்றாம் நாள் மூடியைச் சும்மா மடித்துவிட்டது, மூக்கால் தள்ளினால் திறக்கும். அதற்கடுத்ததாக உள்ளே கசக்கின கடதாசி, உருண்டைகள் அதற்குள். ஆறாம் நாள்தான் மூடியின் நாலு இதழையும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கொடுத்தேன். மூக்கால் தள்ளினான், திறக்கவில்லை. காலை மேலே வைத்து அமத்தினான். அப்புறம் ஒரு மூலையைப் பல்லால் கவ்வி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தான், சர்ரென்று கிழிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவன் ஒரு கணம் அப்படியே நின்றதையும், மடிந்திருந்த காதும் நிமிர்ந்ததையும், பிறகு திரும்பத் திரும்ப அந்தச் சத்தத்துக்காகவே கிழித்ததையும் பார்த்துக்கொண்டிருந்தேன். உருண்டைகள் வெளியே விழுந்த பிறகும் அவற்றை விட்டுவிட்டு ஐந்து நிமிஷம் மட்டையைக் கிழித்தான்.

அத்தானுக்கு இந்தக் குப்பை பிடிக்கவில்லை. வளவெல்லாம் மட்டைத்துண்டு என்றார். ஆனால் கிழிவதுதான் இந்தப் பெட்டியின் வேலை. கிழியாத மாதிரிப் பலமாகச் செய்யவேண்டும் என்று நினைத்துக்கொண்டால் ரேப், கம்பி, ஸ்ரேப்ளர் என்று ஆபத்தானதெல்லாம் உள்ளே வந்துவிடும்.

ரேப்பும் மருந்துப் பெட்டியும்

மூன்றாம் கிழமை நான் கிளிநொச்சியில் நின்ற ஒரு நாள், அக்கா அவசரத்தில் ரேப்பை உரிக்காமல் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் காலை ஜிம்மி இரண்டு தரம் சத்தியெடுத்தான், சாப்பிடவில்லை. பின்னேரம் மலத்தோடு ஒரு சாண் நீளத்துக்கு மண்ணிறப் பொதி ரேப் வந்தது. அன்றோடு தேறிவிட்டான், ஆனால் அது குடலில் சிக்கியிருந்தால் வெட்டித்தான் எடுக்கவேண்டும், அப்படியொரு சத்திரசிகிச்சைக்கு இங்கிருந்து எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பது வன்னியில் நாய் வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். விடாமல் சத்தியெடுப்பது, தண்ணீர்கூடத் தங்காதது, வயிறு இறுகி நோவது, மலம் போகாமலிருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கவேண்டாம். காய்ந்த மட்டையில் சின்னத் துண்டு ஒன்றிரண்டு உள்ளே போனால் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். கிழித்துத் துப்பாமல் மென்று விழுங்குகிற நாய் என்றால் அதற்கு மட்டையே வேண்டாம், புல்லுக்குள் உருண்டைகளை எறிந்து தேடவிடுங்கள், அதுவும் நல்ல வேலைதான்.

அன்றிலிருந்து ரேப், ஸ்ரேப்ளர் ஊசி, பிளாஸ்ரிக் பட்டி எல்லாவற்றையும் உரித்து, பெட்டியை விரித்து வெயிலில் தட்டிய பிறகுதான் பாவிக்கிறோம். ஒட்டவேண்டிய இடத்தில் கோதுமைமாப் பசை. நெளிமட்டையின் தாள்களை ஒட்டுவதற்குத் தொழிற்சாலையில் பாவிப்பதும் பெரும்பாலும் மாப்பசைதான், அதனால் வெறும் மண்ணிற மட்டையால் பெரிய பயமில்லை. மினுக்க மட்டையும், மெழுகு பூசினதும், நிறைய வர்ண அச்சு உள்ளதும் வேண்டாம். சவர்க்காரப் பெட்டியை ஒருமுறை கொடுத்தேன், இரண்டு தரம் தும்மிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எங்கள் மூக்குக்கே மணக்கிற பெட்டியை அவன் மூக்குக்குப் பக்கத்தில் வைத்தது சரியில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, நெல் விதைக்கிற எல்லா ஊருக்கும் பொருந்தும். ஒரு நாள் அத்தான் வயலிலிருந்து வரும்போது நல்ல தடித்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார், சின்னதாக, இரட்டை மட்டையில், பார்க்க ஆசையாக இருந்தது. புரட்டிப் பார்த்தால் களைநாசினிப் போத்தல்கள் வந்த பெட்டி. ஒரு போத்தல் கசிந்திருந்தால்கூட மட்டை உறிஞ்சி வைத்திருக்கும், காய்ந்தபின் கண்ணுக்கும் தெரியாது. நாய் அதைக் கடிக்கும், நக்கும். பூச்சிமருந்து, களைநாசினி, பசளை, எலிமருந்து வந்த எந்தப் பெட்டியையும் நாய்க்கோ பூனைக்கோ கொடுக்காதீர்கள், கடையில் அவற்றுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த பெட்டியையும் கொடுக்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பெட்டி எனக்கு வேண்டவே வேண்டாம்.

பிறகு செய்தவற்றில் இரண்டு நன்றாக வந்தன. முட்டை அடுக்கி வருகிற மட்டை ஒன்றின் குழிகளில் உருண்டைகளை வைத்து இன்னொரு மட்டையால் மூடி, இரண்டையும் சணல் இல்லாமல் மூலைகளில் மடித்துச் செருகுவது ஒன்று. முட்டை உடைந்து ஊறின மட்டையை எறிந்துவிட்டு, சுத்தமானதை மட்டும் வெயிலில் வைத்து எடுக்கவேண்டும். மற்றது துணிக்கடையில் துணி சுற்றி வருகிற மட்டைக் குழாய். அதை ஒரு சாண் அளவில் வாளால் அறுத்து, விரல் நுழையுமளவுக்கு மூன்று ஓட்டை போட்டு, இரண்டு வாயிலும் கடதாசியை அடைத்தால், உருட்ட உருட்ட ஒவ்வொன்றாக விழும். தடித்த குழாய் என்பதால் இருபது நிமிஷம் தாக்குப்பிடிக்கும். கடிக்க ஆசையுள்ள நாய்க்கு அதைவிட நல்லதொன்றை நான் காணவில்லை.

எறும்பு, கறையான், கோழி

பெட்டியை முதல் நாளே செய்து வைக்கலாம் என்று நினைத்தோம், நடக்கவில்லை. வெறும் மண்ணில் வைத்துப் பத்து நிமிஷத்தில் செவ்வெறும்பு ஏறிவிடும், ஒரு நாள் அவன் மூக்கில் கடித்து அன்று முழுக்கப் பெட்டிப் பக்கமே வரவில்லை. இப்போது கொடுக்கிற நேரத்தில்தான் சாப்பாட்டை உள்ளே வைக்கிறோம், கிணற்றடிச் சீமெந்தில்தான் கொடுக்கிறோம். கிழித்த துண்டுகளை அன்றைக்கே பொறுக்கவேண்டும். ஒருமுறை மூன்று நாள் விட்டோம், தூக்கிப் பார்த்தால் அடியில் கறையான் மண் கட்டியிருந்தது. அது அங்கிருந்து வீட்டு நிலைக்கு வர எவ்வளவு நேரம்? பொறுக்கினது தென்னங்கிடங்குக்குள் போகிறது. அடுக்கி வைத்த பெட்டிகளை எடுக்கும்போது கையை விடமுதல் தட்டிப் பாருங்கள், தேள் இருக்கும்.

கோழிதான் எதிர்பாராதது. உருண்டை சிதறியதும் வீட்டுக் கோழிகள் கொத்த வந்தன, ஜிம்மி ஒரு குஞ்சைக் கவ்விவிட்டான், நல்லவேளை விட்டுவிட்டான். அதே கிழமை, எட்டாம் ஆண்டு படிக்கிற என் பெறாமகள் பாதி கிழிந்த பெட்டியை எடுக்கக் கையை நீட்டியபோது பல்லைக் காட்டி உறுமினான். அவன் வாழ்க்கையில் முதல்தரமாக அவனுக்கென்று ஒரு பொருள் இருந்தது, காக்கத்தான் செய்வான். அடித்துத் திருத்தப் போயிருந்தால் உறுமாமல் கடிக்கப் பழகியிருப்பான். பெட்டியோடு இருக்கும்போது ஒருவரும் கிட்டப் போவதில்லை, கோழிகள் அந்த நேரம் கூட்டுக்குள், எடுக்கவேண்டி வந்தால் தூரத்தில் ஒரு ஈரல் துண்டை எறிந்து அவன் அதற்குப் போனபிறகுதான் எடுப்பது என்று முடிவெடுத்தோம். ஒரு மாதத்தில் உறுமல் நின்றது. ஆனாலும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த ஒழுங்கைத் தளர்த்தவேண்டாம்.

வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது. உருண்டை, ஈரல், குழாய் எல்லாம் வைத்துப் பார்த்தோம், சட்டியில் வைத்ததைத்தான் தின்றது. 2021இல் மிக்கேல் டெல்காடோவும் மற்றவர்களும் 17 வீட்டுப் பூனைகளில் பார்த்தபோதும், பெரும்பாலானவை உழைத்து எடுக்கிற சாப்பாட்டைவிடச் சும்மா கிடைக்கிறதையே விரும்பின. பூனைக்குப் பெட்டி வேண்டியது ஒளிந்துகொள்ள. நெதர்லாந்தில் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் ஒளியப் பெட்டி கிடைத்தவை விரைவாகப் பதற்றம் தணிந்தன என்று 2014இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எங்கள் பூனைக்கு ஒரு பக்கம் வாசல் வெட்டின நூடில்ஸ் பெட்டியைக் குசினி மூலையில் வைத்தோம், அதோடு அதன் கதை முடிந்தது.

கொப்பியில் இருப்பது

பெறாமகள் பள்ளிக்கூடத்தால் வந்து, பின்னேரம் 2 மணியிலிருந்து 3 மணிவரை ஜிம்மி எத்தனை நிமிஷம் காலை நக்குகிறான் என்று ஒரு கொப்பியில் எழுதிவந்தாள். பெட்டி கொடுப்பது காலை 10 மணிக்கு, திண்ணையில் அப்பம்மா பார்த்துக்கொண்டிருக்க. அதாவது அவள் எழுதினது பெட்டி இல்லாத நேரத்தை. தொடங்கமுதல் எழுதின நாட்களில் 25, 30 நிமிஷம் என்று இருக்கிறது. மூன்றாம் கிழமையில் 20க்குக் கிட்ட. ஐந்தாம் கிழமை 10, 12. எட்டாம் கிழமையில் பல நாட்களுக்கு 5க்குக் கீழே, சில நாட்களில் 'நித்திரை' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். அந்தச் சொல்லைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, மத்தியானத்தில் அந்த நாய் நிம்மதியாக நித்திரை கொண்டதை நான் அதற்குமுதல் கண்டதில்லை.

எல்லாம் பெட்டியால் என்று சொல்லமாட்டேன். ஆறாம் கிழமை வேம்புக்கும் கிணற்றடிப் பூவரசுக்கும் இடையில் ஒரு கம்பியை உயரக் கட்டி, சங்கிலியின் வளையத்தை அதில் கோத்துவிட்டோம், வளவின் நீளத்துக்கு ஓடலாம். அதோடு அத்தானோ நானோ பின்னேரத்தில் வாய்க்கால் கரையில் அரை மணித்தியாலம் நடத்துகிறோம், இழுக்காமல், அவன் மோந்து முடிக்கும்வரை நின்று. ஆனால் கொப்பியில் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது அதற்கு முந்தின கிழமையில். பெட்டி தொடங்கிவைத்தது, கம்பியும் நடையும் மிச்சத்தைச் செய்தன என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். நாள் முழுக்க ஆறடிச் சங்கிலியில் கட்டிவிட்டு ஒரு பெட்டியைத் தூக்கிப் போட்டால் போதும் என்று இதை யாரும் வாசித்துவிடக்கூடாது.

ஓகஸ்ட் கடைசியில் காலில் மயிர் முளைத்து மூடியது, முதலில் வெள்ளையாக, பிறகு பழைய நிறத்தில். வாலைச் சுற்றுவது நின்றது. வேம்பில் புதுக் கடி இல்லை. இரவில் மயிலுக்கும் பன்றிக்கும் குரைப்பது அப்படியே இருக்கிறது, அது குறையவேண்டும் என்று ஒருவரும் கேட்கவுமில்லை.

நவம்பரில் மழை பிடித்ததும் சிக்கல். பரணில் வைத்த பெட்டிகள் ஈரம் குடித்து நைந்து பூஞ்சணம் பிடித்தன, அவற்றை எறிந்துவிட்டோம், பூஞ்சணம் பிடித்த மட்டையைக் கொடுக்கவே கூடாது. உருண்டை காயவைக்க வெயிலுமில்லை. இரண்டு கிழமை விட்டுப்போனபோது கொப்பியில் நிமிஷம் திரும்ப 15க்கு ஏறியது. அடுப்புக்கு மேலே கம்பித் தட்டொன்று கட்டி, ஐந்தாறு பெட்டிகளையும் ஈரலையும் அதில் காயவைத்து, பத்திக்குள் கொடுக்கத் தொடங்கினோம், நாலு நாளில் இறங்கியது. இதை எழுதுகிறபோது 2025 ஜனவரி. கிழமைக்கு நாலு நாள் பெட்டி, மற்ற நாட்களில் வைக்கோலுக்குள் உருண்டை. காலில் அந்த இடத்தை விரலால் தடவினால் தோல் கொஞ்சம் தடித்திருப்பது இன்னும் தெரிகிறது.